கேளாமல் வரும் முகவரி

கடிதம் எழுதுகிறவர் உறையின்மேல் தம் முகவரியை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் அவருடைய விருப்பம். எழுதாமல் விட்டாலும் கடிதம் உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். இணையத்தின் வழியாகச் செல்லும் கடிதத்திற்கு இந்தச் சலுகை இல்லை. அனுப்புகிறவரைப் பற்றிய முகவரி ஒன்று அதனோடு கூடவே செல்கிறது. அவர் அதனை எழுத வேண்டியதும் இல்லை. எழுதாமல் தவிர்க்கவும் இயலாது. ஐ.பி. முகவரி என்று வழங்கப்படும் எண் அது. இணையதளங்களில் காணப்படும் தொடர்புப் படிவங்களின் வழியாக அந்த எண் எவ்வாறு சேர்கிறது, அதனால் விளையும் பயன் யாது, தீங்கு யாது, அதனைச் சேர்த்து வைப்பவருக்குரிய கடமை யாது என்பவற்றை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இது தொலைவில் நிற்கும் செய்தி அன்று. புனேயிலோ ஆமதாபாத்திலோ புதிதாகக் குடியேறும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வாடகை வீடு தேடுவதற்கு ஒரு படிவம். சாமான்களை ஏற்றி வரும் கம்பெனிக்கு ஒரு படிவம். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கு ஒரு படிவம். பெண்ணுக்கு வரன் பார்ப்பதற்கு மற்றொரு படிவம். சொந்த ஊராயின் தெருவில் நாலு பேரைக் கேட்டு முடித்துக்கொள்ளும் காரியங்களை, அயலூரில் முன்பின் அறியாதவர்களுக்குப் படிவம் நிரப்பி அனுப்பியே முடிக்க வேண்டியிருக்கிறது. மற்றொரு புறத்தில், தமிழ்ச் சங்கங்கள், பஜனை சபைகள், தமிழ் வகுப்புகள், வீட்டுச் சாப்பாடு செய்து அனுப்பும் சிறு தொழில்கள் என்று நம்மவர் நடத்துபவற்றிற்கும் இணையதளங்கள் ஏற்பட்டுள்ளன. அவற்றிலும் ‘எங்களைத் தொடர்பு கொள்ள’ என்ற தலைப்பின் கீழ் ஒரு படிவம் இருக்கிறது. ஆகவே படிவத்தை நிரப்புகிறவர்களும் நாமே; நிரப்பிய படிவத்தைப் பெறுகிறவர்களும் நாமே. இரு நிலையிலும் நாம் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

முதலில் அந்த எண் எத்தகையது என்று பார்ப்போம். இணையத்தில் ஒரு கருவி மற்றொரு கருவியோடு பேச வேண்டுமானால் இரண்டிற்கும் எண் வேண்டும். 203.0.113.25 என்பது போல, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு பகுதிகளைக் கொண்டது அந்த எண். ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரையில் இருக்கலாம். நாம் இங்கே காட்டிய எண் எவருக்கும் உரியதன்று. நூல்களில் எடுத்துக்காட்டாகக் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களுள் ஒன்று. ஓர் இணையதளத்தின் பக்கத்தை நாம் கேட்கும்போது, அந்தப் பக்கத்தை எங்கே அனுப்புவது என்பது அத்தளத்தைத் தாங்கி நிற்கும் சர்வர் கணினிக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் மறுமொழியே வாராது. எனவே இணையதளம் நம் எண்ணை அறிந்துகொள்வது சூழ்ச்சியினால் அன்று. இணையத்தின் அமைப்பே அத்தகையது.

ஆனால் அறிவது வேறு. அறிந்ததை எழுதி வைப்பது வேறு. எழுதி வைப்பதும் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நடைபெறுகிறது. ஒன்று சர்வரின் பதிவேடு. எந்த எண்ணிலிருந்து, எந்த நேரத்தில், எந்தப் பக்கம் கேட்கப்பட்டது என்பதை வரி வரியாக அது குறித்துக்கொள்கிறது. பதிவேட்டில் எண் இருக்கும், பெயர் இராது. மற்றொன்று படிவத்தின் பதிவு. நாம் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், சொல்ல வந்த செய்தி ஆகியவற்றை நிரப்பிப் பொத்தானை அழுத்தியதும், படிவத்தை நடத்தும் மென்பொருள் நம் ஐ.பி. எண்ணையும் எடுத்து அதே வரியில் சேர்த்துவிடக்கூடும். பல மென்பொருள்கள் இதனைத் தாமாகவே செய்யும்படி அமைந்துள்ளன. சிலவற்றில் தளத்தை அமைப்பவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வாறு சேர்ந்த எண், தளத்தை நடத்துபவருக்குச் செல்லும் மின்னஞ்சலின் அடியிலும் அச்சிட்டாற்போல வந்து நிற்கும். படிவத்தை நிரப்பியவர் கண்ட கட்டங்களில் இதற்கென ஒரு கட்டமும் இராது.

இந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இனி நாம் கூறப்போவன யாவும் அதனைப் பற்றியே அமையும்.

அந்த எண்ணைக் கொண்டு ஒருவரைப் பற்றி என்ன அறியலாம்? நிச்சயமாக அறியக்கூடியது, அவருக்கு இணைய இணைப்பு வழங்கும் நிறுவனம் எது என்பதே. எந்த நாடு என்பதும் பெரும்பாலும் சரியாகவே தெரியும். எந்த ஊர் என்பது ஊகம். கல்கத்தாவில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தின் கைப்பேசியில் வங்காள மொழி விளம்பரங்கள் வந்து நிற்பதற்கு இந்த ஊகமும் ஒரு காரணம். கைப்பேசியின் வழியாக இணையத்தை அடைகிறவர் ஓரூரில் இருக்க, அவருடைய இணைப்பு வேறொரு பெருநகரத்தின் நிலையத்தின் வழியாக வெளிச்செல்லுமானால், எண்ணைப் பார்ப்பவருக்கு அந்தப் பெருநகரமே தென்படும். எண் காட்டுவது இணைப்பின் வாயிலை. ஆள் அமர்ந்திருக்கும் நாற்காலியை அன்று.

இந்த ஊகத்தை உண்மையென்று கொண்டதால் விளைந்த துன்பத்திற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. எண்களுக்கு இடம் குறித்துத் தரும் தொழிலைச் செய்யும் மாக்ஸ்மைண்ட் என்னும் நிறுவனம், அமெரிக்காவைச் சேர்ந்தது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத எண்களுக்கெல்லாம் அந்நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைப் பொதுவாகக் குறித்து வைத்திருந்தது. அந்தப் புள்ளி கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின்மேல் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் அந்த ஒரு வீட்டைச் சுட்டின. மோசடிக்காரரைத் தேடியும், காணாமற் போனவரைத் தேடியும், திருட்டுப் போன பொருளைத் தேடியும் போலீசாரும் பொதுமக்களும் பல ஆண்டுகள் அவ்வீட்டின் வாயிலில் வந்து நின்றனர். குடியிருந்தவர்களுக்கோ காரணமே விளங்கவில்லை. 2016-ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகையாளர் உண்மையை வெளிப்படுத்திய பிறகே, நிறுவனம் அந்தப் புள்ளியை எவரும் குடியிராத ஓர் ஏரியின் நடுவே மாற்றிவைத்தது.

எண்ணிற்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பு நேரானது அன்று என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1981-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறைப்படி உலகில் இருக்கக்கூடிய ஐ.பி. எண்களின் தொகை 4,29,49,67,296. ஏறத்தாழ 429 கோடி. அக்காலத்தில் இது வற்றாத கடலாகத் தோன்றியிருக்கும். உலக அளவில் வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்க இருந்த கையிருப்பு 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் தீர்ந்து போயிற்று. ஒரே எண்ணைப் பல வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும்படி இணைப்பு நிறுவனங்கள் ஏற்பாடு செய்தன. பெங்களூரில் ஒரு விடுதியில் தங்கியிருக்கும் நூறு பேரும் வெளியுலகிற்கு ஒரே எண்ணாகத் தோன்றலாம். கைப்பேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பலர் ஓர் எண்ணின் பின்னே நிற்கலாம். இன்று ஒருவரிடம் இருக்கும் எண் நாளை மற்றொருவரிடம் போகலாம். பற்றாக்குறையைத் தீர்க்க வந்த ஆறாம் பதிப்பு முறையில் எண்கள் மிக நீளமானவை, தட்டுப்பாடு இல்லாதவை. அவை நம் நாட்டிலும் பெரிதும் பரவியுள்ளன. அம்முறையில் எண்ணின் முற்பகுதி ஒரே வீட்டை அல்லது ஒரே கைப்பேசி இணைப்பைக் குறித்து நிற்கக்கூடும். ஆகையால் பழைய முறையைவிட அது ஆளை நெருங்கியது எனலாம்.

அப்படியாயின், ஓர் எண் குறித்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்பதை அறிந்தவர் யார்? இணைப்பு வழங்கும் நிறுவனமே. இந்தியாவில் அத்தகைய பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்டது. சட்டத்தைக் காக்கும் அதிகாரிகள் முறைப்படி கேட்டால் நிறுவனம் பெயரைச் சொல்லும். ஆனால் கேள்வி நுட்பமாக இருக்க வேண்டும். எண் மட்டும் போதாது. நாள், மணி, நிமிடம், வினாடி வேண்டும். பலர் பகிர்ந்துகொண்ட எண்ணாயின், அந்த இணைப்பிற்கு அவ்வேளையில் வழங்கப்பட்ட வாயில் எண்ணும் வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் பழி வேறொருவர் தலையில் விழும்.

விழுந்தும் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டில், சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் ஒன்று சமூக வலைத்தளம் ஒன்றில் வெளியிடப்பட்டது குறித்துப் புனே நகரப் போலீசார் விசாரணை நடத்தினர். அவர்களுக்குக் கிடைத்தது ஓர் ஐ.பி. எண். அந்த எண்ணுக்கு உரியவர் என்று இணைப்பு நிறுவனம் கொடுத்த பெயரை நம்பி, பெங்களூரில் பணிபுரிந்த மென்பொருள் பொறியாளர் ஒருவரை அவருடைய வீட்டிலிருந்து கைது செய்து புனேக்குக் கொண்டு சென்றனர். அவருக்கும் அந்தப் படத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எண்ணோடு பொருத்தப்பட்ட பெயரே தவறு. இது தெளிவாகி அவர் வெளியே வருவதற்குள் ஏறத்தாழ 50 நாட்கள் சிறையில் கழிந்தன. வேற்று மாநிலச் சிறையில், மொழியும் மனிதரும் பழகாத இடத்தில், செய்யாத குற்றத்திற்காக ஒருவர் 50 நாள் இருந்தார் என்றால், அதற்கு ஆதாரமாக நின்றது பெயரோடு தவறாகச் சேர்த்து எழுதப்பட்ட ஓர் எண்ணே. எண்களைச் சேர்ப்பவர் யாவரும் நினைவில் வைக்க வேண்டிய நிகழ்ச்சி இது.

இத்தகைய எண், ஒரு மனிதரைப் பற்றிய சொந்தத் தகவல் ஆகுமா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்கும் சென்றது. ஜெர்மனியில் பாட்ரிக் பிரையர் என்னும் அரசியல்வாதி, தம் நாட்டு அரசின் இணையதளங்கள் வருகையாளரின் எண்களைச் சேர்த்து வைப்பதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016 அக்டோபர் 19-ஆம் நாள் தீர்ப்பளித்தது. தளத்தை நடத்துபவரிடம் எண் மட்டுமே இருந்தாலும், இணைப்பு நிறுவனத்திடம் உள்ள தகவலோடு அதனைச் சேர்த்து ஆளை அடையாளம் காண அவருக்குச் சட்டப்படி வழி இருக்குமாயின், அந்த எண் சொந்தத் தகவலே என்பது தீர்ப்பின் சாரம். தளம் தடையின்றி நடைபெறுவதற்காக எண்களைக் குறித்து வைப்பதில் நியாயமான காரணம் இருக்கக்கூடும் என்பதையும் அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. உரிமை, தேவை ஆகிய இரண்டையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துப் பார்த்த தீர்ப்பு அது.

நம் நாட்டில், அந்தரங்கம் என்பது அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன்பின் 2023-ஆம் ஆண்டில் எண்ணிம முறையிலான சொந்தத் தகவல்களைக் காக்கும் சட்டம் நிறைவேறியது. ஒருவரை அடையாளம் காண உதவும் அவரைப் பற்றிய எந்தத் தகவலும் சொந்தத் தகவல் என்று அச்சட்டம் விரிவாகப் பொருள் கூறுகிறது. பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் ஒரே வரியில் நிற்கும் ஐ.பி. எண் அதில் அடங்கும் என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை. சட்டத்திற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தகவல் சேர்ப்பவரின் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வருவதற்கு அவ்விதிகளிலேயே 18 மாத அவகாசம் தரப்பட்டது.

இனி, எண்ணைச் சேர்ப்பவரின் தரப்பையும் கேட்க வேண்டும். அவர்கள் கூறும் காரணங்கள் பொய்யானவை அல்ல. தொடர்புப் படிவம் என்பது தெருவைப் பார்த்த திண்ணை போன்றது. நல்லவரும் வருவர், பொல்லாதவரும் வருவர். மனிதர் அல்லாத தானியங்கி நிரல்கள் இரவு பகலாகப் படிவங்களை நிரப்பி, சூதாட்ட விளம்பரங்களையும் போலி மருந்து விளம்பரங்களையும் கொட்டிச் செல்கின்றன. ஒரே எண்ணிலிருந்து ஒரு நிமிடத்தில் ஐம்பது படிவம் வருமானால் அதைத் தடுத்து நிறுத்த எண் உதவுகிறது. மிரட்டல் கடிதம் வந்தால் போலீசாரிடம் கொடுப்பதற்கும் அது வேண்டும். தளம் தாக்கப்பட்டால் எங்கிருந்து, எப்போது என்று ஆராய்வதற்கும் வேண்டும். இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவாகிய செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் பிறப்பித்த ஆணை, நிறுவனங்கள் தம் கணினிப் பதிவேடுகளை 180 நாட்களுக்குக் காத்து வைக்க வேண்டும் என்கிறது. 2025-ஆம் ஆண்டு விதிகள், பாதுகாப்பிற்கான பதிவுக் குறிப்புகளை ஓராண்டு வைத்திருக்குமாறு கூறுகின்றன. ஆகவே ‘எண்ணையே எங்கும் குறிக்காதீர்’ என்று கூறுவது நடைமுறைக்கும் பொருந்தாது, சட்டத்திற்கும் பொருந்தாது.

ஆயினும் மேற்கூறிய தேவைகள் எல்லாம் பெரும்பாலும் சர்வரின் பதிவேட்டைக் கொண்டே நிறைவேறிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். அது பூட்டி வைத்த அறை. பொறுப்பாளர் ஒருவரோ இருவரோ, காரணம் நேர்ந்தபோது மட்டும் திறந்து பார்ப்பது. படிவத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு மின்னஞ்சலில் வரும் எண்ணோ அத்தகையதன்று. தமிழ் வகுப்பில் பிள்ளையைச் சேர்ப்பது பற்றி ஒரு தாயார் படிவத்தில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்கடிதம் செயலாளருக்கு வருகிறது. அவர் அதை ஆசிரியருக்கு அனுப்புகிறார். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் இடுகிறார். பொருளாளர் தம் கணக்குப் புத்தகத்தில் ஒட்டி வைக்கிறார். தாயாரின் பெயர், தொலைபேசி, பிள்ளையின் வயது, வீட்டு இணைப்பின் எண், எழுதிய நேரம் ஆகிய யாவும் ஐந்து இடங்களில் பரவிவிட்டன. அவற்றுள் அந்த எண்ணால் வகுப்பிற்கு யாது பயன்? ஒன்றும் இல்லை. பயனற்ற பொருள் பரவினால் அதைக் காப்பாரும் இலர்; அழிப்பாரும் இலர்.

தீங்கு இன்னும் ஆழமாகச் செல்லும் இடமும் உண்டு. வேற்று மாநிலத்தில் வேலை பார்க்கும் தொழிலாளி ஒருவர், கூலி பிடித்தம் செய்யப்படுவதைப் பற்றியோ, மேலாளரின் கொடுமையைப் பற்றியோ, உதவி செய்யும் சங்கம் ஒன்றின் படிவத்தில் பெயரைக் குறிப்பிடாமல் எழுதுகிறார். எழுதிய இடம் வேலைத்தலம். இணைப்பு முதலாளியின் வைஃபை. பெரிய நிறுவனங்கள் பலவற்றிற்குத் தமக்கென நிலையான எண்கள் உண்டு. எண்ணைத் தேடினால் நிறுவனத்தின் பெயரே தெரியவரும். அந்தக் கடிதம் எண்ணோடும் நேரத்தோடும் கைமாறி முதலாளியிடம் போய்ச் சேருமானால், அந்த நேரத்தில் அந்த இணைப்பைப் பயன்படுத்தியது யார் என்று தம் அலுவலகப் பதிவைப் பார்த்து அவர் அறிந்துகொள்ளக்கூடும். பெயரை மறைத்தும் பயன் இல்லாமற் போகும். குடும்பத்தில் துன்புறும் பெண் ஒருத்தி ஆலோசனை கேட்டு எழுதும் படிவத்திற்கும் இது பொருந்தும். நம்பி எழுதியவரைக் காட்டிக் கொடுக்கும் பொருளைக் காரணமின்றிக் கையில் வைத்திருத்தல் தகாது அன்றோ?

ஆதலால் இணையதளம் நடத்தும் அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவன சில. முதலாவது, உங்கள் படிவத்தின் வழியாக எண் எங்கெங்கே எழுதப்படுகிறது என்று, தளத்தை அமைத்துக் கொடுத்தவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சர்வரின் பதிவேட்டில் இருப்பது இருக்கட்டும். படிவத்தின் வரியிலும் மின்னஞ்சலிலும் அது வருமாயின், ‘இது நமக்கு எதற்கு?’ என்ற கேள்விக்கு விடை இருந்தால் மட்டும் விட்டு வையுங்கள், இல்லையேல் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் இது ஓர் அமைப்பை மாற்றும் அளவிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, குப்பைக் கடிதங்களைத் தடுக்க வேறு வழிகளையும் கையாளலாம். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் படிவத்தில் வைத்தால், தானியங்கி நிரல் அதனையும் நிரப்பித் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். ஓர் எண்ணையே முழுதும் தடை செய்வதில் அவசரம் வேண்டா. அந்த எண்ணின் பின்னே ஒரு விடுதியே இருக்கலாம். குற்றம் செய்தவர் ஒருவர், வெளியே நிறுத்தப்பட்டவர் நூறு பேர் என்று ஆகிவிடும்.

மூன்றாவது, வருகைக் கணக்கு எடுப்பதற்காக எண் வேண்டும் என்றால், அதன் கடைசிப் பகுதியை 0 ஆக்கிவிட்டு வைக்கலாம். 203.0.113.25 என்பது 203.0.113.0 ஆகிவிடும். 256 எண்களுள் எது என்று தெரியாது. ஏறக்குறைய எந்தப் பகுதி என்பது மட்டும் தெரியும். எண்ணைச் சங்கேதமாக மாற்றி வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். எளிய சங்கேதமாயின் போதாது. பழைய முறையில் இருக்கக்கூடிய எண்கள் 429 கோடிதானே? அத்தனையையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துப் பொருந்துவது எது என்று கண்டுபிடிப்பது இக்காலக் கணினிக்குச் சிறிது நேர வேலை.

நான்காவது, எண்ணைச் சேர்ப்பதாயின் அதைப் படிவத்தின் அருகிலேயே சொல்லிவிடுங்கள். ‘பாதுகாப்பிற்காக உங்கள் இணைய முகவரி எண் குறித்துக்கொள்ளப்படும், இத்தனை காலத்திற்குப் பின் அழிக்கப்படும்’ என்ற இரண்டு வரிகள் போதும். என்ன தகவல், எந்த நோக்கத்திற்கு என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது புதிய சட்டத்தின் கோட்பாடு. அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை வழங்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் தமிழும் ஒன்று. பம்பாயிலோ லக்னோவிலோ இருக்கும் தமிழர், தம் தகவலைக் கேட்கும் நிறுவனத்தின் அறிவிப்பைத் தமிழில் படிக்க வழி பிறக்கிறது. பிள்ளைகள் பற்றிய தகவலானால் மேலும் கவனம் வேண்டும். 18 வயது நிரம்பாதவரைச் சட்டம் குழந்தை என்றே கொள்கிறது. பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. தகவல்களைத் தக்கபடி பாதுகாக்கத் தவறினால் விதிக்கப்படும் தண்டம் 250 கோடி ரூபாய் வரையில் செல்லலாம். சிறு சங்கத்தின்மேல் அத்தகைய தொகை விழும் என்று அச்சுறுத்துவது நம் நோக்கம் அன்று. இதனை நாடு எவ்வளவு பெரிதாகக் கருதுகிறது என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

ஐந்தாவது, நோக்கம் முடிந்ததும், சட்டம் வைத்திருக்கச் சொன்ன காலமும் கழிந்ததும், அழித்துவிடுங்கள். பத்து ஆண்டுக் கடிதங்கள் செயலாளரின் மின்னஞ்சலில் கிடக்க, செயலாளர் மாறும்போதெல்லாம் கடவுச்சொல்லும் கைமாறும் வழக்கம் நல்லதன்று. ஆண்டு விழாக் கணக்கை முடிப்பது போல இதற்கும் ஒரு நாள் குறித்துக்கொள்ளலாம்.

படிவத்தை நிரப்புகிற அன்பர்களுக்கும் ஒரு சொல். வீடு தேடுவதற்கும் பள்ளியில் இடம் கேட்பதற்கும் எழுதும் படிவங்களைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் எண்ணை மட்டும் அறிந்த ஒருவர் உங்கள் வீட்டு வாயிலுக்கு வந்துவிட முடியாது. ‘உன் ஐ.பி. எண் எங்களிடம் இருக்கிறது, போலீசார் வருகிறார்கள், பணம் அனுப்பு’ என்று தொலைபேசியில் மிரட்டுகிறவரை நம்ப வேண்டா. எண்ணைக் கொண்டு பெயரைக் கேட்டறியும் அதிகாரம் அத்தகையோர்க்கு இல்லை. ஆனால் பெயரை மறைத்து எழுத வேண்டிய முறையீடு எதுவாயினும், எவரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவருடைய இணைப்பிலிருந்து எழுதாதீர்கள். உங்கள் சொந்தக் கைப்பேசி இணைப்பு அதைவிட மேலானது. வி.பி.என். என்னும் இடைவழி உங்கள் எண்ணை மறைத்துத் தன் எண்ணைக் காட்டும். எனினும் அதனை நடத்தும் நிறுவனம் உங்களை அறியும். இந்தியாவில் அத்தகைய நிறுவனங்கள் வாடிக்கையாளரின் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று முன்னர்க் கூறிய 2022-ஆம் ஆண்டு ஆணை விதிக்கிறது. மறைவு என்பது ஒருவரை நம்புவதை விட்டு மற்றொருவரை நம்புவதே. எந்தத் தளமாயினும், என்ன சேர்க்கிறீர்கள், எவ்வளவு காலம் வைக்கிறீர்கள் என்று எழுதிக் கேட்பதில் தவறு இல்லை. கேட்பவர் பெருகினால் சொல்பவரும் பெருகுவர்.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு முகவரியின் அருமை தெரியும். புதிய நகரத்தில் முதன்முதலாக ஒரு முகவரி கிடைத்து, அதை ஊருக்கு எழுதி அனுப்பும்போது உண்டாகும் நிம்மதியை அறியாதவர் நம்முள் இலர். அம்முகவரியை யாரிடம் கொடுப்பது என்பதை நாமே முடிவு செய்கிறோம். இணையம் தரும் முகவரியில் அந்த முடிவு நம் கையை விட்டுப் பெறுகிறவர் கைக்குப் போய்விட்டது. கேளாமல் வந்து சேர்ந்த பொருளையும் அடைக்கலப் பொருளாகக் கருதி, வேண்டிய அளவே வைத்து, வேண்டிய காலமே காத்து, பின்னர் அழித்துவிடுதல் பெறுகிறவருடைய கடமையாகும்.